காசிமாயன் வண்டிச் சத்தம்

டிரைவரை வையாதீங்க தம்பி. நிக்கிற பஸ்சுல இன்ஜின் எதுக்கு ஓடணும், புகை உள்ள வருதுன்னு நீங்க கேக்குறது நியாயம்தான். ஆனா அவனுக்குத் தெரியும், இதை இப்ப அமத்துனா மறுபடி நீங்களும் நானும் இறங்கித் தள்ளணும். பேட்டரி செத்துக் கிடக்கு. ஏறும்போதே கேட்டுட்டேன். அரசு பஸ்சுலயே ஆயுசைக் கழிச்சவன் நான், இதே ரூட்டுதான். தேனியில எடுத்தா சின்னமனூர், கம்பம், கூடலூர், அப்புறம் இந்த மலை. எந்த வளைவுல எந்த கியருன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மேல லாரி ஒண்ணு அச்சு முறிஞ்சு நிக்கிதாம். எடுக்குற வரைக்கும் லோயர் கேம்ப்லதான் கிடக்கணும். உக்காருங்க.

என் பேரு சீலமுத்து. சின்னமனூர் பக்கம்.

இன்ஜின்னு வந்தா, என்ன வேலை பாக்கணும்னு எல்லாப் பயலும் சொல்லுவான். என்ன வேலை பாக்கக் கூடாதுன்னு சொல்றவன்தான் தம்பி வண்டிக்காரன். அதுலதான் எனக்கும் என் தம்பி பொண்டாட்டிக்கும் மனஸ்தாபம் ஆகிப்போச்சு. நீங்க வெளியூரு. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, நான் செஞ்சதுல என்ன தப்பு?

என் தம்பி காசிமாயன். எனக்கும் அவனுக்கும் வயசு ரொம்ப வித்தியாசம். எங்கப்பா செத்தப்ப அவன் அரைஞாண் கயிறோட திரிஞ்சான். நான்தான் தூக்கி வளத்தேன். வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தது நான், பொண்ணு பாத்தது நான், பழைய பிக்கப் ஒண்ணு விலைக்கு வருதுன்னு கூட்டிட்டுப் போயி வாங்கிக் குடுத்ததும் நான்தான். பீன்ஸு, முருங்கை, வாழைத்தார், திராட்சை, எது கிடைக்குதோ ஏத்திக்கிட்டு கோட்டயம் மார்க்கெட்டுக்குப் போவான். போயி இறக்கிட்டு திரும்பி வந்தா அடுத்த லோடு நிக்கும். வண்டிக்கு ஓய்வே இல்ல. மீட்டர் மூணு லட்சத்துக்குப் பக்கத்துல வந்து நின்னுபோச்சு. கேபிள் அறுந்துருச்சு. அதுக்கப்புறம் ஓடுனது அந்த மலைக்குத்தான் தெரியும்.

சர்வீஸ்? அதெல்லாம் கிடையாது. "ஆயில் மாத்துனியாடா?"ன்னு கேட்டா, "குறைஞ்சா ஊத்திக்கிறேண்ணே"ம்பான். சிரிச்சுக்கிட்டே சொல்லுவான். வையவும் முடியாது.

அந்த வண்டிக்கு ஒரு சத்தம் உண்டு தம்பி. இன்ஜினுக்கு உள்ள டைமிங் செயின்னு ஒரு சங்கிலி இருக்கும். கீழ சுத்துறதையும் மேல வால்வைத் தொறந்து மூடுறதையும் ஒரு கணக்குல கட்டிப்போட்டிருக்கிறது அதுதான். ஓடி ஓடி அது நீண்டுபோச்சுன்னா தளதளன்னு ஆடும். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கன்னா, தகரப் போணியில கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குனாப்ல ஒரு சத்தம். கிலுகிலுகிலுன்னு. எங்க தெரு முக்குல தண்ணி டேங்க் இருக்கு. அங்க வந்து ரெண்டாவது கியருக்கு இறக்கிக் காலை எடுப்பான். கிலுகிலுகிலு. தெருவே சொல்லும், காசி வந்துட்டான்னு. அவன் மக யோகஸ்ரீ எந்தப் பாடம் எழுதிட்டு இருந்தாலும் பென்சிலோட தெருவுக்கு ஓடிவரும். பவுன்தாய், அவன் பொண்டாட்டி, உலை வைப்பா. வந்ததும் சுடு சோறு வேணும் அவனுக்கு.

போன பங்குனியில செத்துப்போனான்.

ஆக்சிடெண்ட் இல்ல தம்பி. வண்டியில ஒரு கீறல் கிடையாது. கோட்டயம் மார்க்கெட்ல இறக்குறதுக்கு வரிசையில நின்னுருக்கான். விடிஞ்சு வெயில் வந்துருச்சு. முன்னாடி வண்டி நகந்துருச்சு, இவன் நகரல. பின்னாடி ஹாரன் அடிச்சிருக்காங்க. தூங்குறான்னு நெனச்சு ஒரு சுமைதூக்கி வந்து கதவைத் தொறந்து தட்டியிருக்கான். ஸ்டியரிங்ல கை வச்சபடியே. இன்ஜின் ஓடிட்டிருக்கு. அந்தச் சுமைதூக்கிதான் சாவியைத் திருப்பி அமத்தியிருக்கான். என் தம்பி ஸ்டார்ட் பண்ணின வண்டியை யாரோ ஒருத்தன் அமத்திட்டான். அதை நெனச்சா எனக்கு இன்னமும் என்னவோ பண்ணும்.

நம்ம ஊர்க்காரப் பய ஒருத்தன் அங்க வேற லோடு கொண்டுபோயிருந்தான். அவன்தான் போன் பண்ணினான். நான் எல்லார்கிட்டயும் கண்டிப்பாச் சொல்லிட்டேன், பவுன்தாயிகிட்ட ஒருத்தனும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு. தனியா இருக்கிற பொம்பளை, பச்சைப்புள்ளையை வச்சிருக்கா. உடம்பு வந்து சேரட்டும், பக்குவமா நான் சொல்லிக்கிறேன்னேன். பெரியவன்னா அதைத்தானே செய்யணும்? ஆம்பளைங்க எல்லாரும் ஊர் எல்லையில ஆம்புலன்சுக்காக நின்னோம். ஆனா பாருங்க, ஆம்புலன்ஸ் கம்பத்துல டீசல் போட நின்னுருச்சு. பின்னாடி வரவேண்டிய அவன் பிக்கப் முன்னாடி வந்துருச்சு. ஓட்டிட்டு வந்த பய நாங்க கை காட்டுறதைப் பாக்காம நேரா தெருவுக்குள்ள போயிட்டான். தண்ணி டேங்க்ல கியரை இறக்கிக் காலை எடுத்திருக்கான்.

நாங்க ஓடிப்போயி சேர்றதுக்குள்ள புள்ள வெளிய வந்து வண்டிகிட்ட நின்னுச்சு. வீட்டுக்குள்ள உலை கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு.

சரி, அதை விடுங்க. நடந்தது நடந்துபோச்சு. நான் சொல்ல வந்தது இன்ஜினைப் பத்தி.

காரியம் முடிஞ்சு வண்டியை வீட்டுக்குப் பக்கத்துல வேப்பமரத்தடியில நிறுத்தினோம். பவுன்தாய் ஒரு நாள் வந்து, "வித்துரலாம் மாமா"ன்னா. "அது அவன் வண்டி ஆத்தா. அதை வித்தா அவன் இருந்த அடையாளமே இருக்காது"ன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. அவ எப்பவும் அப்படித்தான், எதிர்த்துப் பேச மாட்டா. நல்ல புள்ள. வண்டி கோடை பூராவும் நின்னுச்சு, மழை பூராவும் நின்னுச்சு. நடுவுல நான் ரிட்டயர் ஆகிட்டேன். வீட்ல உக்காந்து என்ன பண்ணுறது? தெருவுல எந்த வண்டி திரும்பினாலும் காது அங்க போகும். ஐப்பசியில ஒரு முடிவுக்கு வந்தேன். வண்டியைச் சரிபண்ணி நானே ஓட்டி, வர்ற வருமானத்தை பவுன்தாயிக்கும் புள்ளைக்கும் குடுத்துருவோம்னு.

கட்டி இழுத்துட்டுப் போயி கம்பத்துல சிக்கந்தர் பாய் பட்டறையில விட்டேன். டீசல் வேலையில இந்தப் பக்கம் அவருதான். நான் நேரா சாவியைப் போட்டுப் பாக்கலாம்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? இத்தனை மாசம் நின்ன இன்ஜினை எடுத்ததும் சுத்தக் கூடாது. உள்ள என்ன இருக்குன்னு மொதல்ல பாப்போம். பிரிக்கணுமா வேண்டாமான்னு அப்புறம் பேசுவோம்."

பாத்தோம். அட, என் தம்பி அந்த வண்டியை வச்சிருந்த லட்சணமே! கீழ போல்ட்டைக் கழட்டுனா ஆயில் ஊத்தல தம்பி, கருப்பட்டிப் பாகு மாதிரி நூலு நூலா இறங்குது. ரேடியேட்டர்ல கூலன்ட்ங்கிற பேச்சே இல்ல, செம்மண் தண்ணி. ஏர் ஃபில்டருக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கு. எலி ரெண்டு வயரைக் கடிச்சுப் போட்டிருந்துச்சு. பாய் தலையில கையை வச்சுக்கிட்டாரு.

"ஊத்தி ஊத்தியே ஓட்டியிருக்காப்ல. மாத்துனதே இல்ல."

"அவன் அப்படித்தான் பாய்"ன்னு சொன்னேன். சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

ஆனா அழுத்தம் பாத்தாரு. சிலிண்டருக்குச் சிலிண்டர் கேஜ் மாட்டிச் சுத்திப் பாத்தா, நாலும் சமமா நிக்கிது. ஆயில்ல தண்ணி கலக்கல. பாய்க்கே ஆச்சரியம். "இன்ஜின் நல்ல ஜாதிண்ணே. அடிவயித்துல கை வைக்க வேண்டாம். இவ்வளவு ஓடிருச்சேன்னு போர் பண்ணணும், பிஸ்டன் மாத்தணும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. சுத்தம் பண்ணினாப் போதும். ஆயிலை ஒரு தடவை மாத்தி, கொஞ்சம் ஓட்டிட்டு அழுக்கோட இறக்கிட்டு மறுபடி ஒரு தடவை மாத்துவோம். ரேடியேட்டரைக் கழட்டி அலசுவோம். ஹோசு, பெல்ட்டு எல்லாம் வெடிச்சிருக்கு, புதுசு போடுவோம். இன்ஜெக்டரை டெஸ்ட்டுக்கு அனுப்பணும். அப்புறம் கட்டாயம், டைமிங் செயின்."

எல்லாத்துக்கும் தலையாட்டினேன். ஒரு வாரம் பட்டறையிலயே கிடந்தேன். சோறு தண்ணி அங்கதான். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினாங்க பாருங்க, மொதல்ல நீலமாப் புகை, அப்புறம் வெள்ளையா, அப்புறம் புகையே இல்ல. பாய் ரேஸ் பண்ணிட்டு விட்டாரு.

கிலுகிலுகிலு.

எனக்கு முடியெல்லாம் எந்திரிச்சு நின்னுருச்சு தம்பி. அவன் வந்துட்டான். பட்டறைக்கு நடுவுல வந்து நின்னு, "என்னண்ணே"ங்கிறாப்ல இருந்துச்சு. பாய் அணைச்சுட்டு, "கேட்டீங்களா? இதைத்தான் சொன்னேன். நாளைக்கு முன்பக்கம் கழட்டிச் செயினை மாத்திரலாம்"ன்னாரு.

"வேண்டாம்"னேன்.

"என்னது?"

"செயின் இருக்கட்டும். மத்ததெல்லாம் பண்ணியாச்சுல்ல, போதும்."

மனுசன் என்னையே பாத்தாரு. "அண்ணே, இத்தனை வேலை பாத்துட்டு இதை விட்டா எல்லாம் வீணு. இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் செத்துப்போச்சு. ஒரு நாளைக்கு செயின் பல்லு தாண்டும். வால்வு பிஸ்டன்ல இடிக்கும். இன்ஜின் அப்படியே நின்னுரும். மலை இறக்கத்துல நின்னா பிரேக்குக்குக் காத்து கிடைக்காது, ஸ்டியரிங் கல்லாட்டம் ஆகிரும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

எனக்குத் தெரியாதா? பாய்க்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஆனா அதை மாத்துனா சத்தம் போயிரும்ல. அதை அவருகிட்ட எப்படிச் சொல்றது? "நான் பாத்து ஓட்டிக்கிறேன் பாய்"னு சொல்லிட்டு எடுத்துட்டு வந்துட்டேன்.

மொத நாள் சாயங்காலம் தெருவுக்குள்ள வந்தேன். தண்ணி டேங்க்ல கியரை இறக்கி, அவன் எடுக்குற மாதிரியே காலை எடுத்தேன். நீங்க பாத்திருக்கணும். ஒவ்வொரு வீட்டுக் கதவும் தொறக்குது. ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டுச்சு. யோகஸ்ரீ ஓடி வந்துச்சு, கையில பென்சிலு. அதே மாதிரி. வண்டிக்கு முன்னால வந்து நின்னு கண்ணாடி வழியா என்னையே பாத்துச்சு. "பெரியப்பா"ன்னுச்சு. அவ்வளவுதான், திரும்பி உள்ள போயிருச்சு. புள்ளைக்கு சந்தோஷத்துல பேச்சே வரல.

எங்க வீட்டுக்காரி மட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னா. என்னத்தைக் கேக்குறது? அவளுக்குத்தானே ஓட்டுறேன்?

கார்த்திகை, மார்கழி பூராவும் ஓட்டினேன் தம்பி. அவன் ஓட்டுன அதே ரூட்டு, அதே மார்க்கெட்டு. சீட்டைக்கூட பின்னாடி தள்ளல. அவன் என்னைவிட குட்டை. என் முட்டி ஸ்டியரிங்ல இடிக்கும். இடிக்கட்டும்னு விட்டுட்டேன். கோட்டயத்துல வரிசையில நிப்பேன்ல, இன்ஜினை அமத்த மாட்டேன். அது உள்ள கிலுகிலுன்னு பேசிக்கிட்டே இருக்கும். நானும் பேசுவேன். சிரிக்காதீங்க. "ஆயில் மாத்தியாச்சுடா, புதுத் தண்ணி ஊத்தியாச்சுடா, இப்ப எப்படி இருக்கு?"ன்னு கேப்பேன். சில நாள் மலையேறும்போது நானா ஓட்டுறேன்னு சந்தேகம் வந்துரும். அவன் ஓட்டுறான், நான் சும்மா கையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அப்படி ஒரு நெனப்பு. பயமா இல்ல. நல்லா இருந்துச்சு.

ஒரே ஒரு குறைதான். பவுன்தாய். நான் வண்டியோட வர்ற நேரம் பாத்து மிக்சியைப் போடுவா. என்னத்தை அரைப்பாளோ தெரியாது, தெரு முக்குல நான் திரும்பும்போது ஆரம்பிச்சா நான் வண்டியை அமத்துற வரைக்கும் ஓடும். கரண்ட் இல்லாத நாள்னா பின்பக்கம் குழாயைத் தொறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவா. "தண்ணி வீணாப் போகுதே ஆத்தா"ன்னு சொல்லியிருக்கேன். மதிப்புன்னு ஒண்ணு வேணும்ல? கஷ்டப்பட்டு ஓட்டிட்டு வர்றேன், வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டா.

புள்ளையும் வர வர மெலிஞ்சு போச்சு. மொதல்ல தெருவுக்கு ஓடி வந்துச்சு, அப்புறம் வாசப்படியோட நின்னுக்கிச்சு, அப்புறம் கதவுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாக்கும். சோறு சரியாத் திங்கிறதில்லன்னாங்க. இந்தக் காலத்துப் புள்ளைக எது திங்குது? கடையில விக்கிற பாக்கெட்டைத்தான் திங்குது.

மார்கழிக் கடைசியில குமுளியில ஒரு சொந்தக்கார வீட்டுக் காதுகுத்து. வண்டி இருக்கும்போது எதுக்கு பஸ்சுன்னு ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டேன். பவுன்தாய் பஸ்சுலயே போயிக்கிறோம்னா. நான்தான் விடல. புள்ளையை நடுவுல உக்கார வச்சுக்கிட்டோம். போகும்போதும் சரி, மத்தியானம் சாப்பிட்டுத் திரும்பி இறங்கும்போதும் சரி, ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டே வந்துச்சு. மலையில காது அடைக்கும்ல. எச்சியை முழுங்கு கண்ணு, சரியாயிரும்னு சொல்லிக்கிட்டே ஓட்டினேன்.

பாதி மலை இறங்கியிருப்போம். எதிர்ல சபரிமலைக்குப் போற கார்களா வருது. ஒரு வளைவுல காலை எடுத்தேன். கிலுகிலுன்னு வர்ற சத்தம் வேற மாதிரி வந்துச்சு, யாரோ உள்ள இருந்து சுத்தியலால தட்டுறாப்ல. அடுத்த நொடி கடக்குன்னு ஒண்ணு. அவ்வளவுதான். இன்ஜின் நின்னுருச்சு. பாய் சொன்னபடியே ஸ்டியரிங் கல்லு, பிரேக் கட்டை. இந்தப் பக்கம் பள்ளம். வேற எவனா இருந்தாலும் அன்னைக்கு மூணு பேரும் கீழதான். நான் மலைப் பக்கம் ஒடிச்சு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரத்து மண்மேட்டுல உரசிக்கிட்டே கொண்டுபோயி நிறுத்திட்டேன். ஒருத்தருக்கும் ஒரு காயம் இல்ல. அந்தச் சாமர்த்தியத்தை இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் வாயால சொல்லல பாருங்க.

ஒரு சத்தமும் இல்ல. பவுன்தாய் முந்தானையை வாயில அமுக்கிக்கிட்டா. புள்ள மெதுவா காதுல இருந்து கையை எடுத்துச்சு.

"நின்னுருச்சா பெரியப்பா?"

"பயப்படாத கண்ணு. பெரியப்பா சரி பண்ணிருவேன்"னு சொன்னேன்.

அப்பத்தான் அழ ஆரம்பிச்சுச்சு. அது வரைக்கும் அழாத புள்ள, அப்படி ஒரு அழுகை. சமாதானப்படுத்தவே முடியல.

சிக்கந்தர் பாய்க்குப் போன் பண்ணினேன். கயிறு கட்டி இழுக்க இன்னொரு வண்டியோட வந்தாரு. வந்து சாவியைப் பாதி திருப்பினாரு, காதை வச்சுக் கேட்டாரு, என்னைப் பாத்து, "தாண்டிருச்சு. நான் அன்னைக்குத் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்ல அண்ணே, செயினை மாத்துங்க மாத்துங்கன்னு. நீங்கதான் வேண்டவே வேண்டாம்னுட்டீங்க"ன்னாரு. பொம்பளை நிக்கிறாளேன்னு ஒரு இங்கிதம் வேண்டாம்?

பவுன்தாய் ரோட்டோரத்துல புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னவ, பக்கத்துல வந்தா. என்கிட்ட கேக்கல. அவருகிட்ட கேட்டா.

"அண்ணே, அந்தச் சத்தம் அதுலதான் வந்துச்சா?"

"ஆமா தங்கச்சி."

"அதை மாத்திட்டா சத்தம் வராதா?"

"சுத்தமா வராது. வண்டி வர்றதே தெரியாது."

"அப்பவே மாத்தியிருக்கலாமா?"

பாய் என்னைப் பாத்தாரு. அவ புள்ளையைத் தோள் மாத்திப் போட்டுக்கிட்டா. அப்புறம் என் பக்கம் திரும்பினா. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து என் முகத்தைப் பாத்து அவ பேசுனதில்ல தம்பி. அன்னைக்குப் பாத்தா.

"மாமா, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அன்னைக்கு நான் உலை வச்சேன். அரிசியைக் களைஞ்சுட்டு, தலையைச் சீவிட்டு நின்னேன். தெனமும் நீங்க தெருவுல திரும்பும்போது என் கை தானா அரிசிப் பானைக்குப் போகுது. போனப்புறம்தான் ஞாபகம் வருது. தெனமும் எனக்கு அவரு சாகுறாரு மாமா. இந்தப் புள்ளைக்குத் தெனமும் வண்டி வருது, அப்பா வரல. மிக்சியைப் போட்டு எத்தனை நாளைக்கு நான் மறைப்பேன்?"

"அவன் ஞாபகமா இருக்கட்டும்னுதானேத்தா..."ன்னேன்.

"ஞாபகத்துக்கு எனக்கு இவ இருக்கா"ன்னு புள்ளை முதுகைத் தட்டிக்கிட்டே சொன்னா. அப்புறம் பாய்கிட்ட, "என் பேர்லதான் வண்டி இருக்கு. நான் சொல்றேன். மாத்துங்க"ன்னா.

எதிர்த்துப் பேசாத பொம்பளை! ரோட்டுல, ஒரு அன்னிய மனுசன் முன்னாடி! எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. என் தம்பி மறுபடி செத்த மாதிரி இருந்துச்சு. இந்தத் தடவை அவன் பொண்டாட்டியே சாவியைத் திருப்பிட்டா.

ரெண்டு வால்வு வளைஞ்சிருந்துச்சாம். மத்தபடி இன்ஜின் தப்பிச்சுக்கிச்சு. பாய் ஹெட்டை இறக்கி வால்வு போட்டு, புதுச் செயின், டென்ஷனர் எல்லாம் போட்டுக் குடுத்திருக்காரு. நான் அந்தப் பக்கமே போகல. தை பொறந்து ஒரு வாரம் இருக்கும். வாசல்ல கட்டிலைப் போட்டு உக்காந்து சாயங்காலம் பேப்பர் பாத்துட்டு இருக்கேன். பேப்பரைத் தாழ்த்துனா எதிர்ல அந்த வண்டி நிக்கிது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. எப்ப வந்துச்சு? எப்படி வந்துச்சு? ஒரு சத்தமில்ல, ஒரு சுவடில்ல. பேய்க்குத்தான் கால் கிடையாதும்பாங்க. அந்த மாதிரி வந்து நிக்கிது. சம்பளத்துக்கு ஒரு டிரைவர் வச்சிருக்கா, கூடலூர்க்காரன், தங்கராசுன்னு பேரு. இறங்கி, "வணக்கம் அண்ணே"ன்னான். சீட்டைப் பின்னாடி தள்ளிட்டான்னு கதவு வழியா பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. எந்திரிச்சு உள்ள போயிட்டேன்.

அதுல இருந்து நான் அந்த வீட்டு வாசலை மிதிக்கல. எங்க வீட்டுக்காரி போவா, வருவா. "புள்ள நல்லாத் திங்குது இப்ப"ன்னு என் காதுல விழுற மாதிரி சொல்லுவா. எனக்கெதுக்கு அந்தப் பேச்சு? ராத்திரி பகல்னு இல்லாம எனக்கு அந்தச் சத்தம் கேட்டுட்டே இருக்கும். தெருவுல குப்பை வண்டி வந்தாலும் எந்திரிச்சு உக்காருவேன். இல்ல. அது இல்ல.

போன ஞாயித்துக்கிழமை யோகஸ்ரீ வீட்டுக்கே வந்துருச்சு. கட்டில் பக்கத்துல வந்து நின்னு, "பெரியப்பா, தங்கராசு மாமா வீரபாண்டி வரைக்கும் தீவனம் ஏத்தப் போறாரு. நாம போயிட்டு வரலாமா?"ன்னுச்சு. "அம்மா வருதா?"ன்னேன். "நீங்க வந்தாத்தான் என்னை அனுப்புவாங்களாம்"னுச்சு. புள்ள கேட்டுருச்சு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?

போனேன். அந்த வண்டியில இடது பக்கம் உக்காந்தது அன்னைக்குத்தான் மொத தடவை. தங்கராசு நல்லாத்தான் ஓட்டுறான், குறை சொல்ல ஒண்ணுமில்ல. பள்ளத்தைப் பாத்து இறக்குறான், கிளட்ச்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறதில்ல. நான் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவன் எப்பெல்லாம் காலை எடுக்குறானோ அப்பெல்லாம் கேட்டேன். எங்கயாவது கொஞ்சம் மிச்சம் இருக்கும்ல? ஒண்ணுமில்ல. பாய் வேலை அப்படி. எண்ணெய் போட்ட ஊஞ்சல் மாதிரி போகுது. போகும்போது புள்ள வாய் ஓயாம பேசிட்டு வந்துச்சு, பள்ளிக்கூடத்துக் கதை. திரும்பும்போது பேச்சைக் காணோமேன்னு பாத்தா, என் மடியில சாஞ்சு தூங்கிருச்சு. வாயைத் தொறந்துக்கிட்டு அப்படி ஒரு தூக்கம். பின்னாடி அத்தனை மூட்டை, ரோடெல்லாம் குலுக்கல், எழுந்திரிக்கவே இல்ல. சத்தமே இல்லாத வண்டியில எப்படித்தான் இதுக்குத் தூக்கம் வருதோ. என் தொடை மரத்துப்போச்சு. அசையாம உக்காந்திருந்தேன்.

வீட்டு முன்னால நிறுத்தினதும் தோள்ல தூக்கிக்கிட்டு இறங்கினேன். பவுன்தாய் வாசல்ல நின்னா. புள்ளையை வாங்கிக்கிட்டே, "பகல்ல இவ இப்படித் தூங்கி ஒரு வருஷமாச்சு மாமா"ன்னா. நான் திரும்பினேன். "சோறு வடிச்சிட்டேன். சாப்பிட்டுப் போங்க"ன்னா.

போயிரலாம்னுதான் நெனச்சேன். காலு உள்ள போயிருச்சு. சுவர்ல அவன் படத்துக்கு மாலை போட்டிருந்தா. அதுக்குக் கீழதான் தட்டை வச்சா. கருவாட்டுக் குழம்பு, அவனுக்குப் பிடிச்சது. ரெண்டாவது தடவை சோறு போட வந்தப்ப வேண்டாம்னு சொல்லல. கையைக் கழுவிட்டு, வண்டியை ஒரு தடவை பாத்துட்டுப் போவோம்னு வெளிய வந்தேன்.

வாசல்ல வண்டி இல்ல தம்பி. தெரு வெறிச்சுனு கிடக்கு. தீவனத்தை இறக்கக் கொண்டுபோயிட்டானாம். நான் பத்தடி தள்ளி உள்ள உக்காந்துதான் சாப்பிட்டுட்டு இருந்தேன். இத்தனை வருஷம் வண்டிச் சத்தத்தைக் கேட்ட காது இது. கதவு தொறந்துதான் இருந்துச்சு. வாசல்ல இருந்து எடுத்து, தெருவுல திருப்பி, தண்ணி டேங்க்கைத் தாண்டி...

எப்பப் போனான்னே எனக்குத் தெரியல.